விர்ச்சுவோசோவின் அண்ணன்

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நகர இசைக்குழுவில் முதல் வயலின். இரண்டிலும் ஆள் கெட்டிதான். கடைக்குள் நுழைபவரின் முகத்தைப் பார்த்தே, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார். அளவுகோலை அப்புறம்தான் எடுப்பார், அதுவும் வந்தவரின் திருப்திக்காக. இசைக்குழுவில் நாற்பது பேர், ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள். இவருடைய வில் மேலே போனால் அவர்களுடைய வில்லும் மேலே போகும், கீழே வந்தால் கீழே வரும். இவை போக மூன்றாவதாக ஒரு வேலையும் அவருக்கு இருந்தது. சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. தங்கையைப் பார்த்து வயிறெரிவதுதான் அது.

தங்கை பேர் வாங்கியவள். ஊர் ஊராகப் போய், பெரிய பெரிய இசைக்குழுக்களுக்கு முன்னால் தனியாக நின்று வயலின் வாசிப்பவள். கடைக்கு வருகிறவர்கள் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடித்த கையோடு, "நீங்க அவங்க அண்ணன்தானே?" என்பார்கள். "ஆமா," என்பார் கண்ணாடிக்காரர், துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு அந்தக் கண்ணாடி தேவைக்கு மேல் பளபளப்பாகிவிடும்.

சும்மா எரிகிற வயிறு என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் இருந்தது, தேதியோடு இருந்தது. அவருக்குப் பதினாலு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேரும் ஒரே ஆசிரியரிடம், ஆலையில் மொத்தமாகச் செய்து தள்ளிய ஒரே மாதிரி வயலின்களில் கற்றுக்கொண்டிருந்தார்கள். மாடியில் வாடகைக்கு இருந்தவர் ஒரு காலத்தில் கப்பல்களில் வாசித்தவர், பிள்ளைகுட்டி கிடையாது. சாகும்போது, இருநூறு வருஷத்துப் பழைய தன் வயலினைக் கீழ்வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். எந்தப் பிள்ளைக்கு என்று எழுதவில்லை. அந்தத் தலைவலியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார் மனுஷன்.

அப்பா தையல்காரர். வயலினில் எத்தனை தந்தி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துச் சொல்கிற ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஒருவர் மாற்றி ஒருவர், அவரவர் பழைய வயலினிலேயே, ஒரே பாட்டை வாசிக்கச் சொன்னார். யார் முதலில், யார் பின்னால் என்று தனக்குச் சொல்லக் கூடாது என்றார். வெளியே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி கேட்டார். பிறகு கதவைத் திறந்து, "ரெண்டாவதா வாசிச்சது யாரு?" என்றார்.

"நான்," என்றாள் தங்கை.

"அப்ப அது உன்கிட்ட இருக்கட்டும்."

"நான்தானேப்பா மூத்தவன்?" என்றார் இவர்.

"ஆமா, நீதான் மூத்தவன்," என்று அப்பா ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று பிடித்தது இந்த எரிச்சல். பொத்தான் தைக்கிறவருக்குச் சங்கீதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முதல் பத்து வருஷம் குமுறினார். அடுத்த முப்பது வருஷம் குமுறல் அடங்கி, ஒரு வசதியான நம்பிக்கையாக உட்கார்ந்துகொண்டது: வித்தியாசம் எல்லாம் வயலினில்தான். அந்த வயலின் தன்னிடம் வந்திருந்தால் தான் அங்கே, அவள் இங்கே. இதைச் சொல்லிக்கொண்டுதான் காலையில் கடையைத் திறந்தார், இதைச் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு ஒத்திகைக்கும் போனார். அவளுக்கு இருபத்தைந்து வயதில் முதல் பெரிய பரிசு கிடைத்து, வீட்டில் விருந்து நடந்தபோது, எல்லார் முன்னிலையிலும், "அந்த வயலின் கையில இருந்தா ஆடு மாடு கூட வாசிச்சிரும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

இப்போது கதைக்கு வருகிறேன். நகர இசைக்குழுவுக்கு ஐம்பதாவது வருஷம். செயலாளர் அம்மா, மருந்துக்கடை நடத்துபவர், யாரையும் கலந்துகொள்ளாமல் தங்கைக்குக் கடிதம் போட்டுவிட்டார். அவளும் வருகிறேன் என்று எழுதிவிட்டாள். அண்ணன் முதல் வயலினாக உட்கார்ந்திருக்க, தங்கை முன்னால் நின்று வாசிக்கப்போகிறாள். சுவரொட்டி அடித்தாயிற்று. அவள் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'விர்ச்சுவோசோ' என்று போட்டிருந்தது.

"இது என்ன வார்த்தைன்னு பாதிப் பேர் கேக்கறாங்க," என்றார் செயலாளர் அம்மா. "நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு எப்பவும் நீங்கதானே எழுதுவீங்க. அரைப்பக்கம் எழுதிக் குடுங்க."

"வித்தகர்னு போட்டிருந்தா வேலை முடிஞ்சுதே."

"அடிச்சாச்சுங்க. இனிமே அர்த்தம்தான் மாத்தலாம், வார்த்தைய மாத்த முடியாது."

அந்த அம்மா விளையாட்டுக்குச் சொன்னது. கண்ணாடிக்காரருக்கு அது ஒரு யோசனையாகவே பட்டது. மறுநாள் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு நூலகத்துக்குப் போய், தலையணை கனத்துக்கு இருந்த அகராதிகளை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தங்கையின் பெயருக்குக் கீழே இருக்கும் வார்த்தையில் ஏதாவது கறை இருக்காதா என்றுதான் தேடினார். வேறு எதற்கும் அவர் அத்தனை கவனமாகப் படித்ததில்லை.

முதலில் கிடைத்ததெல்லாம் ஏமாற்றம். சொல் இத்தாலியிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் லத்தீன். அடிவேரில் இருப்பது 'ஆண்மகன்' என்ற சொல்; அதிலிருந்து வீரம், அதிலிருந்து ஒருவரின் தகுதி, நற்குணம். நம் வித்துவானுக்கு வேர் அறிவு என்றால், இந்தச் சொல்லுக்கு வேர் ஆள். ஒருவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதைப் பற்றி அல்ல, அவருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் அந்தச் சொல் பிறந்தபோது பேசியது. இந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதினார், ஒருமுறை படித்தார், அழுத்தமாக அடித்துவிட்டார்.

மேலே போனார். நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் இத்தாலியில் இந்தப் பட்டம் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. ஓவியர், கட்டடம் கட்டுபவர், கவிஞர், படித்த பண்டிதர், எதிலாவது தேர்ந்தவர் யாராக இருந்தாலும் விர்ச்சுவோசோ. இன்னொரு நாட்டில் பழைய காசு, சங்கு, சிப்பி என்று சேர்த்து வைக்கிறவர்களைக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் செயலாளர் அம்மாவின் தபால்தலை சேர்க்கும் கணவரும் விர்ச்சுவோசோதான். போகப் போகச் சொல் மேடைக்கு மட்டும் என்று சுருங்கியது: கேட்பவர் வாயைப் பிளக்கும்படி வாசிக்கிறவர். அதற்கும் அப்புறம், ஆகா, கடைசியில் கிடைத்துவிட்டது. சில விமர்சகர்கள் அதையே வசவாக்கியிருந்தார்கள். விரல் மட்டும் ஓடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை, வெறும் வித்தை காட்டல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் விர்ச்சுவோசோ என்றார்கள். கண்ணாடிக்காரர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அன்று அவருக்கு நன்றாகப் பசித்தது.

அரைப்பக்கத்தில் வேருக்கு ஒரு வரி, பழங்காலத்துக்கு இரண்டு வரி, வசவுக்குப் பதினோரு வரி. மனைவியிடம் காட்டினார். அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, நிதானமாகப் படித்தார்.

"இது அந்த வார்த்தையப் பத்தியா, உங்க தங்கச்சியப் பத்தியா?"

"வார்த்தையப் பத்திதான். அகராதியில இருக்கறதத்தான் எழுதியிருக்கேன்."

"அகராதியில எல்லாமேதான் இருக்கும். நீங்க எதைப் பொறுக்கினீங்கன்னு பாக்கறேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "எதுல தேர்ந்தவரா இருந்தாலும்னு எழுதியிருக்கீங்களே, அப்படிப் பாத்தா கண்ணாடி தேய்க்கிற நீங்களும் விர்ச்சுவோசோதான்."

பாராட்டாகத்தான் சொன்னார் மனைவி. கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தங்கை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வந்தாள். ஒத்திகைக்கு நடுவே அச்சடித்த புத்தகத்தைப் புரட்டி, அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கண்ணா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் வித்தைன்னு அந்த விமர்சகருங்க சொன்னதுலயும் ஏதோ இருக்கு, இல்ல?" என்றாள். குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். குத்தல் இல்லை. அவளுடைய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அந்த வயலின், தேன் நிறத்தில், கழுத்துப் பக்கம் மட்டும் விரல் பட்டு வெளிறியிருந்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி அவள் இரண்டு தடவை நீட்டியிருக்கிறாள். அவர் வீம்புக்கு வேண்டாம் என்றிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. நகர மன்றம் நிரம்பி வழிந்தது. தங்கை முன்னால் நின்றாள். கண்ணாடிக்காரர் அவளுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர், இரண்டாவது ஆள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதாவது அவள் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள், இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முதல் பகுதி பாதி தாண்டியபோது, படபடவென்று ஓடும் ஓர் இடத்தில், 'டப்' என்று அவளுடைய மெல்லிய தந்தி அறுந்தது.

இசைக்குழுக்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தனியாக வாசிப்பவரின் தந்தி அறுந்தால் வாசிப்பு நிற்காது. முதல் வயலின்காரர் தன் வயலினை நீட்ட வேண்டும். அறுந்ததை வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, அவருடையதைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அறுந்தது யாரிடம் போய்ச் சேர்கிறதோ அவர் அங்கேயே உட்கார்ந்து புதுத் தந்தி மாட்டுவார். வில் மட்டும் அவரவருடையது. இதெல்லாம் மூன்று நான்கு மூச்சுக்குள் நடந்துவிடும்.

கண்ணாடிக்காரர் வயலினை நீட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள், என்ன பொறுப்பான மனுஷன் என்று நினைத்திருப்பார்கள். பொறுப்பாவது ஒன்றாவது. அவருக்கு உள்ளுக்குள் துள்ளல். நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததை ஊரே இன்று காதால் கேட்கப்போகிறது. இந்தாம்மா, என்னுடைய சாதாரண வயலின். இதில் வாசித்துக் காட்டு, பார்க்கலாம்.

அவள் வாங்கித் தோளில் வைத்தாள். ஒரு சுரம் தட்டுத்தடுமாறியது. அவர் உதடு விரியத் தொடங்கியது. அவ்வளவுதான். அடுத்த வரியில் அவருடைய வயலின் வாயைத் திறந்தது.

இருபத்தாறு வருஷமாகத் தாடையில் வைத்திருந்த வயலின் அது. மேலே போனால் கீச்சிடும், கீழே வந்தால் மூக்கால் பேசும் என்று அவரே பல் டாக்டரிடம் எத்தனை தரம் அலுத்துக்கொண்டிருக்கிறார். அதன் கீச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மன்றத்தின் கடைசி வரிசைவரை போய் நின்றது அந்தக் குரல். இதில் இப்படியெல்லாம் இருந்ததா என்று அதைச் சொந்தமாக வைத்திருந்தவருக்கே தெரியாது. பல் டாக்டரின் வயலினைப் பிடித்தபடி எந்திரம் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டுக்குள் தனக்குத் தெரியாமல் ஓர் அறை இருந்ததுபோலவும், அவள் வந்த உடனே அதைத் திறந்துவிட்டது போலவும் இருந்தது. தாங்க முடியாத ஆத்திரம் வந்தது, தன் வயலின் மேலேயே.

இதற்குள் பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து புதுத் தந்தியை எடுத்து மாட்டி, முறுக்கி, காதில் வைத்துப் பார்த்து முடித்திருந்தார். முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டவை. புதுத் தந்தி வேறு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் தங்கை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். பல் டாக்டர் மரியாதை தெரிந்தவர். தன்னுடையதை வாங்கிக்கொண்டு, அந்தப் பழைய வயலினைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார்.

கைக்கு வந்துவிட்டது. அதன் தாடைப்பலகையில் இன்னும் அவளுடைய சூடு இருந்தது.

இரண்டாம் பகுதியின் நடுவில் ஓர் இடம் வரும். எல்லாரும் வில்லை இறக்கிவிடுவார்கள். தனியாக வாசிப்பவர் மெதுவாக ஒரு கேள்வி கேட்பதுபோல வாசிக்க, முதல் வயலின் அதே வரியைத் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். அரை நிமிஷம்கூட வராது. கண்ணாடிக்காரர் பதினாலு வயதிலிருந்து காத்திருந்த அரை நிமிஷம் அது. தங்கை அவருடைய வயலினில் கேட்டாள். அவர் அவளுடைய வயலினில் பதில் சொன்னார்.

பிசகு ஒன்றும் இல்லை. சுருதி சுத்தம், தாளம் சுத்தம். ஆனால் வெளியே வந்தது அவருடைய குரல்தான், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கேட்கும் அதே குரல். மேலே போனபோது கீச்சு. கீழே வந்தபோது மூக்கு. கீச்சும் மூக்கும் வயலினுடையவை அல்ல, தன்னுடையவை என்று அவர் காதே அவரிடம் சொன்னது.

வாசித்து முடித்த கையோடு அவர் மனசு சாக்குகளைத் தேடி ஓடியது. புதுத் தந்தி? அந்த வரி கனத்த தந்திகளில்தான் வருகிறது, புதுத் தந்தியைத் தொடவே இல்லை. பழகாத வயலின்? அவளுக்கு மட்டும் இவருடையது பழக்கமா? வில்? வில் விஷயத்தில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவரேதான். அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது ஞாபகம் வந்தது. அன்றும் இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி வயலின்தான். இத்தனை வருஷம் அது மட்டும் எப்படி மறந்துபோயிற்றோ. மிச்ச நிகழ்ச்சியை எப்படி வாசித்து முடித்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது.

கைதட்டல் ஓய்ந்து, பூங்கொத்துகள் ஓய்ந்து, மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். அவருடைய வயலின் அவள் கையில், அவளுடையது அவர் கையில். அவர் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அது உன்கிட்டயே இருக்கட்டும்ணா."

"என்ன சொல்ற?"

"நிஜமாத்தான். மூத்தவன் நீ. உனக்கு வரவேண்டியது." அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அன்னிக்கு விருந்துல நீ சொன்னேல்ல, ஆடு மாடு கூட வாசிக்கும்னு. அது எனக்குள்ளயே தங்கிருச்சு. அதுக்கப்புறம் எங்க போய் வாசிச்சாலும், யாரு என்ன புகழ்ந்தாலும், இவங்க இந்தப் பொட்டியத்தானே புகழறாங்கன்னு தோணும். வேற வயலின்ல வாசிச்சுப் பாக்க பயம். ஒருநாளும் பாத்ததில்ல. இன்னிக்குத் தந்தி அறுந்தப்ப செத்தேன்னு நெனச்சேன்." அவருடைய வயலினை மடியில் வைத்துத் தடவினாள். "இதுல வந்துச்சுண்ணா. எனக்கு வந்துச்சு. இனிமே எனக்கு அது வேணும்னு இல்ல. நீ வெச்சுக்கோ."

காலையில் இதைக் கேட்டிருந்தால் கண்ணாடிக்காரர் கூத்தாடியிருப்பார். இப்போது அந்த வயலின் வீட்டுக்கு வந்தால், செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் அது அவருக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

"நீயும் வாசிச்சியே," என்றாள் தங்கை. "உனக்கு எப்படி இருந்துச்சு?"

பதில் தயாராக இருந்தது. 'என்னோடதும் நல்ல வயலின்தான்மா, அதான் அதுலயும் உனக்கு வந்துச்சு, நான்தான் சும்மா குறை சொல்லிட்டு இருந்தேன்.' சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். யாரும் தப்பு சொல்ல முடியாது. அந்த ஒரு வரி போதும், அவருடைய நாற்பத்திரண்டு வருஷமும் பத்திரமாக வீடு திரும்பும். அவள் முகத்தில் இப்போது இருக்கும் வெளிச்சம் அணைந்து, பழைய சந்தேகம் திரும்ப ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேண்டாம் என்று தடுத்தது பாசமா என்று கேட்டால், தெரியாது. அவருடைய காது கேட்டதை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு வித்தியாசமும் தெரியல," என்றார். "எந்த வயலின்ல வாசிச்சாலும் நான் அப்படித்தான் வாசிப்பேன் போல."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பா சரியாத்தான் குடுத்திருக்கார்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவர் பழைய வயலினை அவளுடைய பெட்டியில் வைத்து, பட்டுத்துணியை இழுத்துப் போர்த்தி, மூடியைச் சாத்தினார். அவள் மடியிலிருந்து தன் வயலினை எடுத்துக்கொண்டார். அவளுக்காக அவர் சந்தோஷப்பட்டார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. படவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக ஒரு மரச்சாமானைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த வயிறு, அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைப் பார்த்து எரிந்தது.